குழி விழுந்த கிண்ணங்கள்

பழைய ஐஷேடோ பேலட்டை, அதாவது இமையில் பூசும் நிறத்தூள்களைச் சிறு கிண்ணங்களில் அழுத்தி அடுக்கிய பெட்டியைத் திறந்தால் பெரும்பாலானவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு முதலில் கண் போவது குழிகளுக்கு. எந்தக் கிண்ணத்தில் தூள் தேய்ந்து அடித்தகரம் பளிச்சென்று தெரிகிறது, எதில் தொழிற்சாலையில் அழுத்திய அச்சு இன்னும் கலையாமல் நிற்கிறது, எதில் ஒரே ஒரு விரல் தடத்தோடு சங்கதி முடிந்துவிட்டது என்று பார்ப்பேன். வாங்கிய அன்று எல்லாக் கிண்ணமும் ஒரே மட்டம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தூளில் பதிந்திருக்கிறது.

யாராவது கேட்டால், என் இருபதுகளில் நான் ஊதாவும் மயில்பச்சையுமாகத் திரிந்தேன் என்றுதான் சொல்வேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம். படங்களும் அதையே சொல்கின்றன. ஆனால் படம் எடுப்பது விசேஷ நாளில். சாதாரணச் செவ்வாய்க்கிழமையின் கண்ணிமையை யார் படமெடுத்து வைக்கிறார்கள்? அந்தச் செவ்வாய்க்கிழமைகளின் கணக்கு பேலட்டில் இருக்கிறது. ஊதாவில் குழி இல்லை. மயில்பச்சையில் அச்சுகூடக் கலையவில்லை. தேய்ந்து தகரம் தெரிவதெல்லாம் பழுப்பு: மங்கல் பழுப்பு, வெண்கலப் பழுப்பு, சாம்பல் கலந்த பழுப்பு.

இந்தச் சந்தேகம் வந்த பிறகுதான் என் சேகரிப்பின் அடியில் கிடந்த பழைய பேலட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துக் கால வரிசையில் அடுக்கினேன். ‘வின்டேஜ்’ என்று சொல்ல எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். மாதம் ஒரு பேலட் வந்து இறங்கும் உலகத்தில் பத்து வருடம் என்பது ஒரு யுகம்.

பேச்சை 2010இல் தொடங்குவதுதான் நியாயம். அந்த வருடம்தான் அர்பன் டிகே நிறுவனத்தின் நேக்கட் பேலட் வந்தது. கைபட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும் பழுப்பு மூடி, உள்ளே பன்னிரண்டு நிறங்கள், இடமிருந்து வலமாக வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போகும் வரிசை. இன்று எந்தக் கடையில் எந்தப் பேலட்டைத் திறந்தாலும் இந்த ஏற்பாட்டின் சாயல் இருக்கும். அப்போது அது புதிதாகத் தெரிந்தது. அதற்கு முன் நான்கு நிறம் கொண்ட சிறு பெட்டிகளும், தனித்தனியாக வாங்கும் ஒற்றை நிறங்களும்தான் பரவலாக இருந்தன. எதை எதோடு சேர்ப்பது என்ற கவலை வாங்குபவருடையது. நேக்கட் அந்தக் கவலையைத் தானே எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் எந்த இரண்டைச் சேர்த்தாலும் விபத்து நேராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அர்பன் டிகே 1996இல் பிறந்ததே பழுப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் எதிராகத்தான். கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சாண்டி லெர்னர், தனக்குப் பிடித்த நிறங்கள் கடையில் கிடைக்கவில்லை என்ற கடுப்பில் கூட்டாளிகளோடு ஆரம்பித்த கம்பெனி அது. இளஞ்சிவப்பைப் பார்த்தால் குமட்டுகிறதா என்று விளம்பரத்திலேயே கேட்டார்கள். முதலில் வந்த லிப்ஸ்டிக்குகளுக்கும் நகப்பூச்சுகளுக்கும் வைத்த பெயர்கள் கரப்பான், துரு, புகைமூட்டம், அமில மழை. அப்படிப்பட்ட கம்பெனியைப் பதினான்கு வருடம் கழித்து உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது பழுப்புகளே மிகுந்த ஒரு பெட்டி. என் மயில்பச்சையின் கதையை நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கம்பெனிமேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. பேச்சில் கலகம், பிழைப்பில் பழுப்பு.

என் நேக்கட்டின் குழிகளைப் பார்த்தால் அந்தக் காலத்து என் காலை நேரம் அப்படியே விரியும். பக் என்ற மங்கல் பழுப்பு முக்கால்வாசி காலி. ஹாஃப் பேக்ட் என்ற வெண்கலப் பொன் நடுவில் தேய்ந்து, ஓரத்தில் மட்டும் வளையமாக நிற்கிறது. கிரீப் என்ற கறுப்பில் மெல்லிய தூரிகையின் நுனி கிழித்த கோடுகள் மட்டும். இமை மேல் ஹாஃப் பேக்ட், மடிப்பில் பக், இமைமுடி வரிசையை ஒட்டிக் கிரீப். இதைத் தாண்டி நான் எதுவும் செய்யவில்லை என்று பேலட் சத்தியம் செய்கிறது. பக் முதலில் தேய்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பன்னிரண்டில் மினுக்கமே இல்லாத மேட் நிறங்கள் இரண்டுதான். இமை மடிப்பில் நிழல் கொடுக்க மேட் வேண்டும் என்று யூடியூபில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. எல்லோருடைய மடிப்பு வேலையும் அந்த இரண்டின் தலையில்தான் விழுந்திருக்கும். அந்தப் பழைய நேக்கட்டை இன்னும் வைத்திருக்கும் தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள், பக் பள்ளமாகத்தான் இருக்கும்.

2011 இறுதியில் இரண்டாவது நேக்கட், 2013 இறுதியில் ரோஜாச் சாயலோடு மூன்றாவது. முதல் நேக்கட்டை 2018இல் நிறுத்தியபோது, இழவு வீட்டுப் பாணியில் இரங்கல் சொல்லியே விளம்பரம் செய்தார்கள். கேலிதான், ஆனால் நிஜமாகவே வருத்தப்பட்டவர்களும் உண்டு. நான் வருத்தப்படவில்லை. எனக்கு வேண்டிய மூன்றையும் அதற்குள் வேண்டிய அளவு பூசித் தேய்த்திருந்தேன்.

குழி விழாத இடங்களுக்கும் காரணம் உண்டு, அது எப்போதும் ரசனை அல்ல. அந்தக் காலத்துப் பேலட்டுகள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி, வரிசையின் முதல் இரண்டு மூன்று கிண்ணங்கள் என்னிடம் புதிது போலவே இருக்கின்றன. தோலின் நிறம் என்ற பொருளில் ‘நியூட்’, ‘ஸ்கின்’, ‘பேர்’ என்று பெயர் வைத்த வெளிர் நிறங்கள் அவை. யாருடைய தோல் என்பதுதான் கேள்வி. என் மாநிற இமையில் அவற்றைப் பூசினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். வெளிர் நிறத்தை உண்டாக்க டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். அது அடியில் உள்ள தோலை மறைத்து மேலே நிற்கும். வெள்ளைத் தோலில் அந்த மறைப்பு தெரியாது, கறுத்த தோலில் தெரியும். அப்போது நான் நினைத்தது என் கை சரியில்லை, இன்னும் நன்றாகத் தேய்க்கப் பழக வேண்டும் என்றுதான். அளவு பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு உடம்பைக் குறை சொன்ன கதை.

கறுத்த தோலுக்கென்று யோசித்தவர்கள் அதற்கு முன் இல்லாமல் இல்லை. கறுப்பினப் பெண்களுக்காக யூனிஸ் ஜான்சன் அமெரிக்காவில் ஃபேஷன் ஃபேர் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியது 1973இல். அவர் நடத்திய ஃபேஷன் ஷோக்களில் மாடல்கள் தங்கள் தோலுக்கு ஏற்ற நிறம் கிடைக்காமல் கையால் கலந்து பூசிக்கொள்வதைப் பார்த்து வந்த யோசனை அது. ஆனால் பெரிய கம்பெனிகளின் ‘நியூட்’ அசைய இன்னும் பல வருடம் பிடித்தது. என் பேலட்டுகளை வரிசையாக அடுக்கியபோது அந்த அசைவு கண்ணுக்கே தெரிகிறது. 2010 வாக்கில் வாங்கியவற்றில் இடது ஓரம் முழுதாக நிற்கிறது. பின்னால் வாங்கியவற்றில் அங்கும் தூரிகைத் தடம் இருக்கிறது.

இத்தனை வருடம் கழித்தும் நிறம் மங்கவில்லையே என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஐஷேடோவின் பழுப்பு, மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு எல்லாமே பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகள். காவிக்கல்லின் நிறமும் அதே இரும்புதான், ஆதி மனிதர்கள் குகைச் சுவரில் தீட்டியதும் அதைத்தான். கண்ணில் போடுவதற்காகத் தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரிக்கிறார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். நீலத்துக்கு அல்ட்ராமரைன், பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு, ஊதாவுக்கு மாங்கனீஸ். எல்லாம் கனிமங்கள், டிராயரின் இருட்டில் பத்துப் பதினைந்து வருடம் இருந்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கார்மைன் என்று ஒன்று உண்டு, கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. வெயில் பட்டால் அது மட்டும் கொஞ்சம் வெளுக்கும்.

மினுக்கம் இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அதில் பல நிறங்கள் சாயத்தால் வருபவையே அல்ல. மைக்கா என்ற அபிரகத்தின் மெல்லிய செதில்கள் மேல் டைட்டானியம் டையாக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். அந்தப் படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது நிறம் பிறக்கிறது. சோப்புக் குமிழில் வானவில் தெரிவதும் இதே காரணத்தால்தான். படலம் மெலிதாக இருந்தால் வெள்ளி, தடிமன் கூடக் கூடப் பொன், பிறகு சிவப்பு, நீலம், பச்சை. எல்லாம் ஒரு மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத தடிமன் வித்தியாசத்தில் நடக்கும் கூத்து. 1960களில் இந்த முறை வருவதற்கு முன்னால் மீன் செதிலிலிருந்து எடுத்த பொருளையும் முத்து மினுக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். என் பழைய நேக்கட்டின் ஹாஃப் பேக்ட் இன்றும் அதே பொன்னாக இருப்பதற்கு இந்தப் படலம்தான் காரணம். படலத்தின் தடிமன் மாறாதவரை நிறமும் மாறாது.

மாறுவது தூளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் எண்ணெய். டால்க் என்ற மென்மையான கல்தூள், மைக்கா, நிறமி இவற்றை ஒரு பிடிமானப் பொருளோடு கலந்து கிண்ணத்தில் அழுத்துகிறார்கள். அந்தப் பிடிமானத்தில் தாவர எண்ணெய் இருந்தால் நாளாக ஆகக் காறல் வாடை வரும். சிலிக்கோன் இருந்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. இன்னொரு தொல்லை மேல்தோல் கட்டுவது. விரலிலும் தூரிகையிலும் இருக்கும் எண்ணெய் தூளின் மேல் படிந்து, பளபளப்பான ஓடு மாதிரி இறுகிவிடும். தூரிகை வழுக்கிக்கொண்டு போகும், நிறம் வராது. பசை டேப்பை ஒட்டி எடுத்தால் அந்த ஓடு வந்துவிடும், அடியில் புதுத் தூள் இருக்கும். பழைய பேலட் ‘செத்துப்போச்சு’ என்று தூக்கிப் போடுபவர்கள் பலர் இதைச் செய்து பார்ப்பதில்லை.

அதே மூச்சில் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பேலட்டின் பின்னால் திறந்த டப்பா படமும் அதற்குள் 12எம், 24எம் என்ற எழுத்தும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்ற கணக்கு அது. ஐரோப்பாவில் 2005 முதல் கட்டாயம். தூளில் தண்ணீர் இல்லாததால் கிருமி எளிதில் வளராது, அதனால் மஸ்காரா மாதிரி சில மாதங்களில் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் தூரிகையை நனைத்துத் தொட்ட கிண்ணம் என்றால் கதை வேறு. வாடை வந்தால், புள்ளி தெரிந்தால், போட்டதும் கண் அரித்தால் யோசிக்கவே கூடாது. கிரீம் ஷேடோக்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அவை காய்ந்து சுருங்கிக் கிண்ணத்தின் ஓரத்தை விட்டே விலகியிருந்தன, எல்லாம் குப்பைக்குப் போயின. முன்பின் தெரியாதவர்கள் விற்கும் பழைய பேலட்டை ஏக்கத்தில் வாங்கிக் கண்ணில் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. டால்க் பூமிக்கடியில் இருக்கும் இடத்தில் புற்றுநோய் தரும் அஸ்பெஸ்டாஸும் சேர்ந்து கிடக்கலாம். 2019இல்கூட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஐஷேடோ உட்படச் சில பொருள்களில் அதைக் கண்டுபிடித்து எச்சரித்தது. அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்குவது உங்கள் இஷ்டம்.

வரிசையில் அடுத்த பெரிய திருப்பம் 2016. அனஸ்டேஷியா பெவர்லி ஹில்ஸ் நிறுவனம் கொண்டுவந்த மாடர்ன் ரெனசான்ஸ் என்ற பதினான்கு நிறப் பேலட். அதுவரை கண்ணில் சிவப்பு என்றால் அழுத முகம், காய்ச்சல் முகம் என்பார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு எல்லோர் இமையிலும் செங்கல், துரு, செம்பருத்தி. பெயர்கள் பலவற்றை ஓவியர்களின் வண்ணப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார்கள்: ரா சியன்னா, ரெட் ஆக்கர், வெனீஷியன் ரெட். அதில் ஒன்று ரியால்கர். சித்த வைத்தியத்தில் மனோசிலை என்று பெயர் பெற்ற ஆர்சனிக் தாது அது. பெயர் மட்டும்தான் அது, கிண்ணத்தில் இருப்பது ஆபத்தில்லாத செங்கல் நிறம். ஆனாலும் ஒரு விஷத்தின் பெயரைக் கண்ணில் பூசும் தூளுக்கு வைத்தவரின் குறும்பை நான் ரசிக்கிறேன்.

சிவப்பு இத்தனை தாமதமாக வந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை. 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைமுடிச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். 1938இல் வந்த சட்டம் அழகுசாதனங்களையும் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்ததற்கு அந்தச் சம்பவங்களும் ஒரு காரணம். இன்றும் அங்கே கண்ணருகே பயன்படுத்தலாம் என்று அனுமதித்த நிறமிகளின் பட்டியல் சிறியது. உதட்டுக்கு அனுமதி உள்ள பளீர் சிவப்புச் சாயங்கள் பலவற்றுக்குக் கண்ணில் இடமில்லை. அதனால்தான் பிற்காலத்துப் பேலட்டுகள் சிலவற்றின் பின்பக்கம் ‘ஐஷேடோ’ என்ற சொல்லே இருக்காது. ‘பிரஸ்டு பிக்மென்ட்’ (அழுத்திய நிறமி) என்று போட்டு, கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த அல்ல என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். முன்பக்கத்தில் கண்ணின் படம் இருக்கும். இந்த நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை, என்னிடம் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் கழுத்தெலும்பில் பூசித்தான் தீர்க்கிறேன்.

என் சிவப்புக் கிண்ணங்களில் குழி உண்டு, ஆனால் ஆழமில்லை. கொஞ்ச காலம் ஆசையாகப் போட்டிருக்கிறேன், பிறகு மறுபடியும் பழுப்புக்கே போயிருக்கிறேன். அந்தப் பேலட்டிலும் அடித்தகரம் தெரிவது வார்ம் டோப் என்ற ஒன்றில்தான். ஓவியர் வண்ணங்கள் இத்தனை இருந்தும் நான் கரைத்தது மங்கலான ஒரு மண் நிறத்தை.

எண்பத்தெட்டு நிறம், நூற்றிருபது நிறம் என்று வந்த பெரிய பலகைகளைப் பற்றி எழுத அதிகமில்லை. விரல் நகம் அளவுக் கிண்ணங்கள், தொட்டால் புழுதி, இமையில் வைத்தால் காணாமல் போகும் நிறம். ஆனால் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டது அவற்றில்தான், வீணானால் வருத்தம் வராது என்பதால்.

குழியே விழாதவை தனியாக ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டன. லிமிடெட் எடிஷன் என்ற பெயரில் வந்தவை: திறந்தால் காகிதக் காட்சி எழுந்து நிற்பது, இழுப்பறை வைத்தது, தூளின் மேல் பூவோ முகமோ அச்சு வைத்தது. அந்த அச்சைக் கலைக்க மனம் வராமல் மூடி வைத்துவிடுவோம். வாங்கிவிட்டுத் தொடாமல் இருப்பது இந்தக் காலத்துப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எகிப்தின் நார்மர் பலகையைப் பற்றிப் படிக்கும் வரை.

பேலட் என்ற பண்டமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. மன்னர்கள் வருவதற்கு முன்பே எகிப்தில் கல் பலகையில் மலாக்கைட்டை இழைத்துப் பச்சைக் கண்மையும், கலீனா என்ற ஈயத் தாதுவை இழைத்துக் கரிய மையும் தயாரித்தார்கள். மீன், ஆமை, பறவை வடிவத்தில் செதுக்கிய பலகைகள் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன, சிலவற்றில் பச்சைக் கறை இன்னும் ஒட்டியிருக்கிறது. அவை அன்றாடம் புழங்கியவை. கி.மு. 3100 வாக்கில் செய்த நார்மர் பலகையோ ஏறக்குறைய 64 செ.மீ. உயரம். ஒரு பக்கம் மன்னர் நார்மர் எதிரியை அடிக்கும் காட்சி. மறுபக்கம் நீண்ட கழுத்துள்ள இரண்டு விலங்குகள் கழுத்தைப் பின்னிக்கொள்ள, நடுவில் வட்டமாக ஒரு குழி. மை இழைக்க வேண்டிய இடம் அது. கோயிலுக்குக் காணிக்கையாகச் செய்ததாகத்தான் அறிஞர்கள் கருதுகிறார்கள், யாரும் தினமும் காலையில் மை இழைக்கச் செய்ததல்ல. ஹைராகான்போலிஸ் அகழாய்வில் 1897-98இல் தோண்டியெடுத்த அது இப்போது கெய்ரோவின் எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய லிமிடெட் எடிஷன் என்று என் தங்கையிடம் சொன்னேன். “உனக்கு நல்ல துணை கிடைச்சிருக்குக்கா” என்றாள்.

பெட்டிகளின் கதை தனி. ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு கொடுத்த மூடிகள் ஒரு காலத்தில் பெரிய பெருமை. இன்று அவை கையில் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. காற்றின் ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடுகிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பூச்சு முழுக்க வழண்டு கீழே சாதாரண பிளாஸ்டிக் வெளிப்படும். ஆனால் காகித அட்டையில் வந்தவை நிமிர்ந்து நிற்கின்றன. 1994இல் ஜெனீன் லோபெல் தொடங்கிய ஸ்டிலா நிறுவனம், கோட்டோவியப் பெண்கள் சிரிக்கும் அட்டைப் பெட்டிகளுக்குப் பெயர் போனது. அட்டை என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் உண்டு. என்னிடம் உள்ளதில் மூலை மட்டும்தான் நைந்திருக்கிறது. தகரப் பெட்டியும் தப்பித்துவிட்டது. டூ ஃபேஸ்டு நிறுவனத்தின் சாக்லேட் பார் பேலட் அப்படித்தான், கொக்கோ தூள் கலந்த பதினாறு நிறங்கள். மூடியைத் திறந்தால் இன்னமும் வாசனை வருகிறது. அதில் பாதிக் குழிகள் கண்ணுக்காக விழுந்தவை அல்ல. முகர்ந்து பார்த்துவிட்டு, திறந்தோமே என்பதற்காக விரல் வைத்தவை.

பழசைப் போட்டுப் பார்க்காமல் பழசைப் பற்றி எழுதுவது அழகில்லை. வாடை இல்லாதவற்றைத் தேர்ந்து, மேலே இறுகியிருந்த தோலை டேப்பால் எடுத்து, மேலே ஸ்பிரிட் தெளித்துக் காயவைத்து, ஒரு கண்ணில் 2010இன் முறைப்படி பழையதையும் மறு கண்ணில் இப்போது வாங்கிய ஒரு பேலட்டையும் போட்டுப் பார்த்தேன். தங்கைதான் நடுவர்.

“இதுல எது புதுசுக்கா?”

“நீதான் சொல்லணும்.”

அவள் பழையதைக் காட்டிப் புதியது என்றாள். அதற்கு என் திறமை காரணமில்லை. பழைய தூள் இறுக்கமாக அழுத்தியது, தூரிகையில் கொஞ்சமாகத்தான் ஏறும், நான்கைந்து தடவை எடுத்து மெல்லக் கூட்ட வேண்டும். புதியது வெண்ணெய் பதம், தொட்டாலே கொத்தாக வரும், முதல் தடவையிலேயே முழு நிறம். இந்த ‘முதல் தொடுகையிலேயே முழு நிறம்’ என்பது கேமராவுக்காக வந்த ஆசை என்று நினைக்கிறேன். விரலால் கையில் இழுத்துக் காட்டும் ஸ்வாட்ச் படத்தில் அது அசத்தும். இமையில் அதைக் கலைத்து மங்கலாக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது, கன்னத்திலும் கொட்டுகிறது. தவிர, என் இமை இப்போது அன்றைய இமை இல்லை. மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கிறது. கனமாக ஏறும் மினுக்கம் அந்தச் சுருக்கத்தை எல்லாம் எண்ணிக் காட்டும். கஞ்சத்தனமாக ஏறும் பழைய தூள் கண்டுகொள்ளாமல் போகிறது.

ஆனாலும் ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ கோஷ்டியில் என்னைச் சேர்க்காதீர்கள். மேட் நிறங்களில் புதியவை வெகுதூரம் முன்னே போய்விட்டன. பழைய மேட் ஊதா ஒன்றைத் தேய்த்தேன். ஒரு இடத்தில் திட்டு, ஒரு இடத்தில் வெறுமை, கலைக்கக் கலைக்கச் சாம்பல். மேட் ஊதாவைச் சீராக ஏற்றுவது எப்போதுமே கடினம் என்று மேக்கப் கலைஞர்கள் சொல்வார்கள். நான் ஊதாவைத் தொடாததற்கு என் கோழைத்தனம்தான் காரணம் என்று இத்தனை நாள் இருந்தேன். பாதிக் காரணம் தூள். புதிய பேலட்டின் ஊதா ஒரே இழுப்பில் நின்றது. அதை இப்போது சில சாதாரணக் காலைகளில் போட்டுக்கொள்கிறேன், மிக மெல்லியதாக, முடிவரிசையை ஒட்டி. கிண்ணத்தில் லேசான பள்ளம் விழத் தொடங்கியிருக்கிறது.

அடுக்கியதைக் கலைத்து முடிவெடுக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது. வாடை வந்ததும் பிசுபிசுத்ததும் கிரீம்களும் போயின. நன்றாக இருந்த ஒற்றைக் கிண்ணங்களைச் சூடு காட்டிப் பிரித்து ஒரு காந்தப் பெட்டியில் மாற்றினேன். சில கிண்ணங்கள் அலுமினியம், காந்தத்தில் ஒட்டாது, அவற்றின் அடியில் ஒட்டும் தகட்டை வைத்தேன். அச்சுக் கலையாத லிமிடெட் எடிஷன்களில் இரண்டை உடைத்துப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டேன், மீதி நார்மர் கணக்கில் சேரட்டும். தகரம் தெரியும் நேக்கட்டை வைத்துக்கொண்டேன். தூள் தீர்ந்த பிறகும் அதைத் தூக்கிப் போட முடியாது என்று எனக்கே தெரியும், அதனால் அதற்கு நியாயம் எதுவும் தேடவில்லை.

சாக்லேட் பாரில் இரண்டு கிண்ணத்தின் மேல் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தது. பூஞ்சையோ என்னவோ, சந்தேகம் வந்தாலே வேண்டாம் என்று தங்கையிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னேன். சரி என்று வாங்கிக்கொண்டு போனாள். மறுவாரம் அம்மா போனில் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்டாள், “உன் தங்கச்சி எதையோ டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பாக்கிறாளே, அது என்னடி?”